தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை: காடாக இருந்த ஊர்களா?

கேட்கப்பட்டது இதுதான்: "தாம்பரம் பக்கம் மனை பார்த்துக்கொண்டிருக்கிறோம். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே எல்லாம் வெறும் காடு என்கிறார்கள். அப்படியானால் இவ்வளவு ஊர்கள் எப்படி வந்தன? இன்னொன்று, மழை வந்தால் ஒரு தெரு மூழ்குகிறது, பக்கத்துத் தெரு காய்ந்து கிடக்கிறது. இது ஏன்?"

இரண்டாவது கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அது வெறும் காடு இல்லை. சேலையூர், நன்மங்கலம், வண்டலூர் பக்கம் காட்டு நிலம் உண்டு. மிச்சம் எல்லாம் ஏரியும், ஏரிக்குக் கீழே கழனியும், கழனி ஓரத்தில் ஒரு மேட்டு நத்தமும்தான். நத்தம் என்றால் ஊர் மக்கள் குடியிருந்த இடம். செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை. இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே தெரியும். பழவந்தாங்கல் என்பதில் உள்ள 'தாங்கல்' சின்ன ஏரிக்குப் பெயர். செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் என்று வரிசையாகப் பாக்கங்கள். ஒவ்வொரு பாக்கத்துக்கும் ஓர் ஏரி இருந்தது. பல ஊர்களில் இன்னும் இருக்கிறது, உருவம் சுருங்கி.

நிலத்தை முதலில் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் கல்மலை. பரங்கிமலையில் தொடங்கி திரிசூலம், பல்லாவரம் வழியாகத் தெற்கே வண்டலூர் வரைக்கும் இந்தக் கருங்கல் குன்றுகள் விட்டுவிட்டு எழுந்து நிற்கின்றன. இந்தக் கல்லுக்கு உலக நிலவியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பல்லாவரத்துக் கல்லுக்கு வங்காளத்தில் புதைந்தவர் பெயர் வந்த கதை இதுதான்.

இந்த மேட்டு வரிசையை ஒட்டித்தான் ஜிஎஸ்டி ரோடும், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடும், ரயில் பாதையும் போகின்றன. ரோட்டுக்குக் கிழக்கே விழும் மழை பெரும்பாலும் ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். மேற்கே விழுவது அடையாற்றுக்குப் போகும். எங்காவது ஒன்றிரண்டு விதிவிலக்கு இருக்கலாம், ஆனால் படத்தின் அடிப்படை இதுதான். ஒரே ஊரின் பெயர் வைத்துக்கொண்டு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நீர்வழி, இந்தப் பக்கம் வேறொரு நீர்வழி.

கிழக்குப் பக்கத்துச் சங்கிலியை மட்டும் ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக, அதாவது உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம் வழியாக, நன்மங்கலம் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் கீழ்க்கட்டளை. அப்புறம் நாராயணபுரம். கடைசியில் பள்ளிக்கரணை. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகும். பள்ளிக்கரணையைப் பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள். சதுப்பு நிலத்துக்கு நம்மிடம் இருந்த சொல் அது. அந்தச் சொல் வழக்கொழிந்ததும் அதிகாரிகள் ஏட்டில் அது தரிசு ஆகிவிட்டது. தரிசு என்று எழுதிய பிறகு அங்கே குப்பை கொட்டலாம், ரோடு போடலாம், கட்டடம் கட்டலாம். ஒரு சொல்லை இழந்ததற்கு நாம் கொடுத்த விலை இது என்றே நினைக்கிறேன்.

மேற்கில் அடையாறு. பெயர் நகரத்துக்குள் பிரபலமே தவிர, ஆறு பிறப்பது இங்கேதான். மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வந்து, திருநீர்மலைக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு, அனகாபுத்தூர், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை என்று போகிறது. திருநீர்மலையின் பெயரைக் கவனியுங்கள். திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதாம். ஆறு மாதம் காத்திருந்து, வடிந்த பிறகு பாடினாராம். தலபுராணக் கதைதான். ஆனால் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்பதை ஊர் பெயரிலேயே எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர்கள்.

சரி, ஊர்களின் வயதுக்கு வருவோம். பல்லாவரத்தில் படை அணிவகுப்புத் திடலில் இருந்த சரளைக் குழியில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய பழைய கற்காலக் கருவி. இந்தியாவில் தொல்மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கான ஆராய்ச்சியே அந்தக் கல்லில்தான் தொடங்கியது. அதே பல்லாவரத்து மலையில் மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. இன்று அது தர்கா. பல்லவபுரம்தான் தேய்ந்து பல்லாவரம் ஆயிற்று. வேளச்சேரியின் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ப் பெயர் வெளிச்சேரி. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தின் மீது கொண்ட பற்றால் அதே பெயரில் சொந்த ஊரிலும் ஒரு கோயில் எடுத்தார். இவற்றையெல்லாம் புறநகர் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆங்கிலேயர்கள் 1639இல் வந்து கோட்டைக்கு இடம் பிடிப்பதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே இங்கே கோயிலும் கழனியும் ஏரிக் கணக்கும் இருந்தன. நகரம்தான் பின்னால் வந்தது.

அந்த நகரத்தோடு இந்தப் பக்கத்தை இணைத்தது ஒரு பாலம். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலை மாதா கோயிலுக்கு ஏறும் படிக்கட்டுகளும் அவர் செய்ததே. யாத்திரை போகிறவர்கள் ஆற்றைக் கடக்கச் சிரமப்படக் கூடாது என்பதற்காகக் கட்டியது. அந்தப் பாலம் இல்லாவிட்டால் தெற்கே நகரம் பரவ இன்னும் நெடுங்காலம் ஆகியிருக்கும். பாலத்துக்குப் பின்னால் பட்டாளம் வந்தது. 1774இல் பரங்கிமலையில் கன்டோன்மென்ட் அமைந்தது. பரங்கிமலை, பல்லாவரம் கன்டோன்மென்ட் பகுதி இன்றும் தனி நிர்வாகமாக இருப்பது அதன் தொடர்ச்சி. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனவர்களுக்கு அந்தப் பகுதியின் அகலத் தெருக்களும் பழைய மரங்களும் ஞாபகம் இருக்கும்.

இன்னொரு செய்தி, பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது. இந்தியா முழுவதையும் அளந்த பெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கு அடிப்படையாக முதலில் தரையில் அளக்கும் கோடு, போட்டது இங்கேதான். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் தொடங்கி, தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கிச் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். 57 நாள் ஆயிற்று. அவ்வளவு தூரத்துக்குத் தடையில்லாமல் நேராகச் சங்கிலி இழுக்க, தட்டையான நிலம் வேண்டும். இங்கே அது கிடைத்தது. தட்டை நிலம் என்றால் தண்ணீர் மெதுவாக வடியும் நிலம் என்றும் அர்த்தம்.

ரயில் வந்ததும் கதை வேகமெடுத்தது. நீராவி ரயில் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழியாகத் தெற்கே போனது. ஆனால் புறநகரை உண்டாக்கியது 1931. அந்த ஆண்டு கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மின்சாரப் புறநகர் ரயில் பம்பாய்க்கு அடுத்துச் சென்னைக்குத்தான் வந்தது. சுமார் 29 கிலோமீட்டர். பாரிமுனையில் வேலை பார்ப்பவர் தாம்பரத்தில் வீடு வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை அன்று பிறந்தது. அந்த மீட்டர் கேஜ் வண்டி 2004 வரை ஓடியது. அதில் போனவர்களுக்கு அதன் ஆட்டமும் சத்தமும் மறக்காது.

ரயிலோடு ரயிலாக, நகரத்தில் இடம் போதாத நிறுவனங்கள் இங்கே வந்தன. அவை ஒவ்வொன்றும் ஓர் ஊருக்கு அடையாளம் ஆயின. காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. சுத்தமான காற்றும் ஓய்வும் நல்ல சாப்பாடுமே வைத்தியம். அதனால் டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். அதே 1937இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, பாரிமுனையின் நெருக்கடியை விட்டு சேலையூர்க் காட்டில் 365 ஏக்கருக்குக் குடிவந்தது. அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் வளாகத்துக்கு மரம் வைத்தே வாழ்நாளைச் செலவிட்டவர்கள். கிழக்குத் தாம்பரத்தில் இன்று வெயில் கொஞ்சம் தணிவாகத் தெரியும் இடம் அது ஒன்றுதான். 1949இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். அதற்காகத் தன் வீட்டையே விற்றார். அப்துல் கலாம் படித்தது அங்கேதான்.

குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தொழிற்சாலையின் பெயர். குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் சோதனை செய்து நிலைநாட்டினார். அதைத் தொடர்ந்து சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி இங்கே அமைந்தது. கம்பெனியைச் சுற்றி வளர்ந்த பேட்டை குரோம்பேட்டை ஆயிற்று. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் பட்டறைகள், பெருகின. நிறையப் பேருக்கு வேலை கொடுத்த தொழில் அது. அதே சமயம் அந்தப் பகுதியின் நிலத்தடி நீரை உப்பாக்கி, குரோமியத்தைக் கலந்துவிட்டதும் அதே தொழில்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வருவதற்குள் பல கிணறுகள் போய்விட்டன. கிணற்றில் தண்ணீர் இருக்கும், வாயில் வைக்க முடியாது. பாலாற்றுத் தண்ணீரையும் தண்ணி லாரியையும் எதிர்பார்த்து அந்தத் தெருக்கள் வாழ்வதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

இந்த இடத்தில் தமிழறிஞர் மறைமலை அடிகளைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1911இல் அவர் பல்லாவரத்தில் வந்து குடியேறினார். அவருடைய பொதுநிலைக் கழகம் இங்கே நடந்தது. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதும், வேதாசலம் என்ற பெயரில் இருந்தவர் மறைமலை ஆனதும் இந்தப் பல்லாவரத்து வீட்டுக் காலத்தில்தான். 1950இல் அவர் மறையும்வரை இதுவே அவர் ஊர். இன்று சைதாப்பேட்டைப் பாலத்துக்கு, அதாவது உஸ்கான் கட்டியதற்குப் பதிலாக எழுந்த பாலத்துக்கு, மறைமலையடிகள் பாலம் என்று பெயர். ஜிஎஸ்டி ரோட்டிலேயே இன்னும் தெற்கே போனால் மறைமலை நகர். நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு உருவாக்கிய துணைநகரம் அது. ஒரே சாலையில் நகரத்தின் வாசல், நடுவில் அவர் வாழ்ந்த ஊர், கடைசியில் புதுநகரம், மூன்றும் அவரோடு சேர்ந்தவை.

இனி, உங்கள் மனையைத் தொடும் பகுதி. 1970கள் வரைக்கும் வீடுகள் பெரும்பாலும் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருந்தன. மேடும் அங்கேதான். அப்புறம் நிலைய ஓரத்தில் விலை ஏறியது. பஸ் வந்தது, ஸ்கூட்டர் வந்தது. மனை தேடுகிறவர்கள் இரண்டு பக்கமும் கீழே இறங்கினார்கள். கீழே இருந்தது என்ன? ஏரியின் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாய்ந்த நஞ்சை. விவசாயி நஞ்சையை விற்றார். பஞ்சாயத்து அப்ரூவல் என்று ஒரு தாள் காட்டி, கல் நட்டு, நகர் என்று ஒரு பெயர் வைத்து, தவணையில் மனை விற்றார்கள். ஒரு கிரவுண்டு வாங்க ஒரு குமாஸ்தா இருபது வருஷம் சேமித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நகரத்துக்குள் அவருக்கு இடம் கிடையாது, அவ்வளவுதான்.

ஆனால் இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரியம் நடந்தது. ஆயக்கட்டு போனதும் ஏரிக்கு வேலை போய்விட்டது. மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டிக்கு வேலை இல்லை. வரத்துக் கால்வாயைத் தூர்வாரக் குடிமராமத்துக்கு, அதாவது ஊரார் கூடிச் செய்யும் பராமரிப்பு வேலைக்கு, யாரும் வருவதில்லை. யாருக்கும் தேவைப்படாத ஏரி, வீட்டுக் கழிவுநீர் வந்து விழும் குட்டையாயிற்று. பிறகு அதன் உள்வாயிலேயே, அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பிலேயே, வீடுகள் எழுந்தன, சில இடங்களில் அரசுக் கட்டடங்களும். பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கம் போகும் 200 அடி ரோடு போகிறது. அதே ரோடு கிழக்கே போய்ச் சதுப்பு நிலத்தையும் வெட்டுகிறது. லாம்டன் சங்கிலியின் தென்கோடியான பெரும்பாக்கத்தில், நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். வெள்ள அபாயம் என்று சொல்லி எடுத்தவர்களைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கரணைக்கு 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, சுமார் 1,248 ஹெக்டேருக்கு. பழைய கழுவெளியில் மிஞ்சியது அது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையை இந்தப் படத்தின் மீது வைத்துப் பாருங்கள். மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். எல்லோரும் செம்பரம்பாக்கத்தைப் பேசினார்கள், பேசவும் வேண்டும். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் இருப்பது செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கு மேலே. அங்கே வீடுகளை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, ஒன்றன் மீது ஒன்றாகக் கலங்கல் வழிந்து வந்த தண்ணீர். என் உறவினர் ஒருவர் முடிச்சூரில் மொட்டை மாடியில் இரண்டு இரவு இருந்தார். அவர் வீட்டுக்கு நேர் பின்னால் ஒரு கால்வாய் இருந்ததே அந்த ராத்திரிதான் அவருக்குத் தெரிந்தது. பத்திரத்தில் அது தெரு என்று இருந்தது. அதற்குப் பிறகு அங்கே ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய்கள் போட்டார்கள். நிலைமை முன்னைவிடப் பரவாயில்லை. ஆனாலும் பள்ளம் பள்ளம்தான்.

நிர்வாக எல்லை இதற்கெல்லாம் ஒத்துப் போகவில்லை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஆலந்தூரும் பள்ளிக்கரணையும் உள்ளே போயின, பல்லாவரமும் தாம்பரமும் வெளியே நின்றன. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி. ஆனால் செம்பாக்கத்துத் தண்ணீருக்கு மாநகராட்சி எல்லை தெரியாது. அது தாம்பரம் மாநகராட்சியில் புறப்பட்டுச் சென்னை மாநகராட்சியில் போய் நிற்கிறது. மேலே இருப்பவர் வாய்க்காலைச் சுத்தம் செய்தால் கீழே இருப்பவருக்கு வெள்ளம் சீக்கிரம் வரும். இரண்டு அலுவலகமும் சேர்ந்து உட்காராமல் இதற்கு வழி இல்லை.

நம்பிக்கை தரும் விஷயமும் இருக்கிறது. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த 1990களின் இறுதியில், பாதாளச் சாக்கடைக்கு மக்களே வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டினார்கள். அரசு செய்யட்டும் என்று காத்திராமல், தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பணம் திரட்டிய திட்டம் அது. நாடு முழுக்க அதை உதாரணமாகக் காட்டினார்கள். சிட்லபாக்கத்திலும் குடியிருப்போர் பல வருஷம் விடாமல் கேட்டதால்தான் ஏரி சீரமைப்புக்கு வந்தது.

மனை பார்க்கப் போகும்போது பட்டா, வில்லங்கம் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு கிராம வரைபடத்தையும், அந்த நிலத்தின் அளவு காட்டும் புலப்படத்தையும் வாங்கிப் பாருங்கள். கிராம நிலங்களின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டில் நஞ்சையா, புஞ்சையா, ஏரிப் புறம்போக்கா, வாய்க்காலா என்று எழுதியிருக்கும். கூகுள் எர்த்தில் 2000களின் தொடக்கத்துப் படத்துக்குப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள், ஈரம் எங்கே இருந்தது என்று தெரியும். பழைய நத்தத்தில் உள்ள அம்மன் கோயில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும். அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயதான ஒருவரிடம், "ஐயா, ஏரிக்குக் கலங்கல் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அவர் கை நீட்டும் திசையில் உங்கள் மனை இருந்தால், வேறு மனை பாருங்கள்.